இரண்டு கோயில் தெருவும் ஒரு தபால்காரியும்

கோடையில் நெஸ்ஸல் ஓடையைக் கோழிகூடக் கால் நனையாமல் தாண்டிவிடும். ஆனால் அதன் இரண்டு கரையிலும் இருந்தவர்கள் அதைக் கடல் மாதிரியே பாவித்து வந்தார்கள். இந்தக் கரையில் எல்மரோடே, அந்தக் கரையில் விக்கன்ஹவுசன், நடுவே ஒரு கல்பாலம். ஹெஸ்ஸன் மாநிலத்தின் வடக்கு மூலையில், காடு மூடிய குன்றுகளுக்கு இடையில் அந்த இரண்டு ஊரும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கிடந்தன. இரண்டையும் சேர்த்து எண்ணினாலும் தொள்ளாயிரம் பேர் தேறமாட்டார்கள். அந்தத் தொள்ளாயிரம் பேருக்கும் தபால் கொண்டுபோனவள் மேனா ரூப்பெல்.

ஃபிலோமேனா என்பது ஞானஸ்நானப் பெயர். அதை முழுசாகச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. குட்டையான உருவம், சைக்கிள் மிதித்து மிதித்து இறுகிப்போன கால்கள், இரண்டு வீடு தள்ளிக் கேட்கும் சிரிப்பு. நாய்களுக்கு அவளைப் பிடிக்கும். தபால்காரர்களில் அப்படி ஒருத்தி அமைவது அபூர்வம்.

அந்த ஓடை ஒரு காலத்தில் ராஜ்ஜிய எல்லை. இந்தக் கரை ஹெஸ்ஸன் சிற்றரசருடையது, அந்தக் கரை மைன்ஸ் பேராயருடையது. அப்போது நட்ட எல்லைக் கற்கள் புல்லுக்குள் இன்னும் சாய்ந்து நிற்கின்றன. கல்லின் ஒரு முகத்தில் சிங்கம், மறு முகத்தில் சக்கரம். சபை பிளந்தபோது எல்மரோடே சீர்திருத்தக்காரர்களோடு போனது, விக்கன்ஹவுசன் கத்தோலிக்கமாகவே நின்றது. அத்தோடு விட்டதா? போப்பாண்டவர் காலண்டரைத் திருத்தினார். அந்தக் கரை உடனே ஏற்றுக்கொண்டது. இந்தக் கரை நூறு வருஷத்துக்கு மேல் முறுக்கிக்கொண்டு பழைய காலண்டரையே சுவரில் வைத்திருந்தது. பாலத்தைத் தாண்டினால் தேதி பத்து நாள் மாறிவிடும். அங்கே கிறிஸ்துமஸ் முடிந்து எலும்பை நாய்க்குப் போட்ட பிறகுதான் இங்கே வாத்தை அறுப்பார்கள். காலண்டர் ஒன்றாகி இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும், எல்மரோடேக்காரன் எவனாவது பேருந்தைத் தவறவிட்டால், “பத்து நாள் பிந்தின ஊர்க்காரன் தானே” என்று விக்கன்ஹவுசனில் சிரிப்பார்கள். “நீங்க போப்பு சொன்னா சூரியனையே நகத்துற ஆளுங்க” என்று பதில் போகும்.

மேனா இரண்டு ஊரிலும் பிறந்தவள் அல்ல. போர் முடிந்த மறுவருஷம், போஹீமியாவில் ஜெர்மன் பேசிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் வெளியேற்றியபோது, பதினாறு வயதில் அம்மாவோடும் ஒரே ஒரு மரப்பெட்டியோடும் சரக்கு ரயிலில் வந்து இறங்கியவள். அதிகாரிகள் அவர்களை எல்மரோடேயில் ஒரு விவசாயி வீட்டு மாடி அறையில் குடிவைத்தார்கள். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான். சிக்கல் என்னவென்றால் அம்மாவும் பெண்ணும் கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாலம் தாண்டி விக்கன்ஹவுசன் கோயிலுக்கு நடக்க வேண்டும். இந்த ஊரில் அவர்கள் அந்தக் கோயில்காரர்கள், அந்த ஊரில் இந்தக் கரைக்காரர்கள். அம்மா அதை நினைத்து நினைத்து அழுதாள்.

“எந்த ஊர்லயும் நாம சேத்தி இல்லடி” என்பாள்.

“ரெண்டு ஊர்லயும் திருவிழாவுக்குக் கேக்கு குடுக்குறாங்களேம்மா, அத யோசி” என்பாள் மேனா.

1951-இல் பழைய தபால்காரர் பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். ஒரு மாதம் மட்டும் பார்த்துக்கொள் என்று பையை மேனாவிடம் கொடுத்தார்கள். அவர் கால் தேறி வந்து பார்த்தபோது இரண்டு ஊரிலும் எந்தப் படி வழுக்கும், எந்தக் கிழவருக்குக் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவர் பேசாமல் ஓய்வு வாங்கிக்கொண்டார்.

எல்மரோடேயின் கொல்லர் பட்டறை வழியாகத்தான் அவள் போக வேண்டும். கொல்லர் மகன் ஹென்னர் வாய்ப்பேச்சு குறைந்த ஆள், கைவேலை கெட்டி. மேனாவின் சைக்கிள் சங்கிலி அந்தப் பட்டறை வாசலுக்கு வந்தால் மட்டும் கழன்றுகொண்டது.

“இந்த வாரத்துல இது மூணாவது வாட்டி” என்றான் ஹென்னர். “தானா கழலுதா, இல்ல யாராச்சும் கழட்டுறாங்களா?”

“ரோடு மோசம்.”

“ஊரெல்லாம் நல்லா இருக்கற ரோடு என் வாசல்ல மட்டும் மோசமா?”

“அப்ப வாசல சரி பண்ணு. இல்ல என்னை உள்ள கூப்பிட்டு உக்காரச் சொல்லு. ரெண்டுல ஒண்ணு.”

அவன் உள்ளே கூப்பிட்டான். 1954-இல் கல்யாணம். விக்கன்ஹவுசன் கோயிலில் பாதிரியார் நடத்திவைத்தார். ஹென்னரின் அப்பா குதிரை வண்டியில் பாலம் தாண்டி வந்தார், ஆனால் கோயில் வாசப்படியை மிதிக்கவில்லை. பூசை முடியும்வரை வெளியே குதிரையோடு நின்றார். “எங்கப்பன் பாட்டன் யாரும் இதுக்குள்ள போனதில்ல, நானும் போகமாட்டேன். கேக்கு வெளிய தானே வெட்டுவீங்க?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வெட்டியதில் நாலு துண்டு சாப்பிட்டார். அந்த மனுஷனை மேனாவுக்கு அன்றே பிடித்துப்போயிற்று.

இரண்டு பெண்கள் பிறந்தார்கள். வருஷங்கள் சைக்கிள் சக்கரம் போல ஓடின. 1972 பிறந்தபோது மாவட்டத்திலிருந்து ஆணை வந்தது: சின்ன ஊர்கள் தனித்தனியாக இருக்கக்கூடாது, எல்மரோடேயும் விக்கன்ஹவுசனும் இனி ஒரே ஊராட்சி. எந்த ஊர்ப் பெயரை வைத்தாலும் மற்ற ஊர் கொந்தளிக்கும் என்பதால் ஓடையின் பெயரைச் சேர்த்து நெஸ்ஸல்தால், அதாவது நெஸ்ஸல் பள்ளத்தாக்கு, என்று மாவட்டமே பெயர் வைத்துவிட்டது. தலைவர் யார் என்று சீட்டுக் குலுக்கினார்கள். எல்மரோடேயின் பெரிய விவசாயி யுஸ்டுஸ் ஷ்மால்ஸ் தலைவர் ஆனார். விக்கன்ஹவுசனில் சாராயக்கடையும் சாப்பாட்டு விடுதியும் நடத்திய அலோய்ஸ் துணைத்தலைவர். யுஸ்டுஸின் சீட்டு ஈரமாக இருந்து கையில் ஒட்டிக்கொண்டதென்று அலோய்ஸ் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லா முகவரியும் இப்போது நெஸ்ஸல்தால். ஆனால் இரண்டு ஊரிலும் ஒரு பெரிய தெரு, ஒரு தோட்டத் தெரு, ஒரு கோயில் தெரு. இரட்டைப் பெயர்களை ஒரு வருஷத்துக்குள் மாற்றச் சொல்லி மாவட்டம் எழுதியது. யாரும் அசையவில்லை. “அவங்க மாத்தட்டும்” என்றார்கள் இந்தக் கரையில். அந்தக் கரையிலும் அதையேதான் சொன்னார்கள். எந்தக் குழப்பமும் நேரவில்லை என்பது அவர்கள் கட்சி. நேராததற்குக் காரணம் மேனா. கையெழுத்தைப் பார்த்தாலே இது யாருடைய அத்தை, எந்தக் கரைக்கு எழுதுகிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

1973 ஜூனில் மேனா விடுமுறை எடுத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் விடுமுறை. நாற்பத்து மூன்று வயதாகியும் கடலைப் பார்த்ததில்லை. ஹென்னர் பட்டறையைப் பூட்டிவிட்டு அவளை வடகடல் தீவு ஒன்றுக்கு இரண்டு வாரம் அழைத்துப்போனான். அவளுக்குப் பதிலாக நகரத்திலிருந்து ரைனர் என்றொரு வாலிபர் வந்தார். ஒழுங்கான பிள்ளை. உறையில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படியே கொடுத்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

எல்மரோடே போதகர் வீடு கோயில் தெரு ஒன்றாம் நம்பர். விக்கன்ஹவுசன் பாதிரியார் வீடும் கோயில் தெரு ஒன்றாம் நம்பர். இரண்டு பேரையும் ஜெர்மனில் ஒரே பட்டத்தால்தான் அழைப்பார்கள். பூசைக்கான திராட்சை ரசம், ஆறு புட்டி, போதகர் வீட்டுக்குப் போனது. அந்த வாரம் போதகருக்கு ஐம்பதாவது பிறந்தநாள். சபைத் தலைமை தன்னை மறக்கவில்லை என்று நெகிழ்ந்துபோய் அவர் அன்றே இரண்டு புட்டியைத் திறந்துவிட்டார். போதகரின் மனைவி கணவரின் பட்டத்தைக் கொடுத்து நகரத்துக் கடையில் சொல்லியிருந்த சிவப்பு நீச்சலுடை பாதிரியார் வீட்டுக்குப் போனது. அங்கே சமையல் பார்த்த ஒட்டீலியே அம்மாள், பீடத்துத் துணி வந்திருக்கிறது என்று நினைத்துப் பிரித்து, விரித்து, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் விக்கன்ஹவுசன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

இவை போதாதென்று மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவருக்கு ஒரு விவசாயி, தோட்டத் தெரு ஒன்பதுக்கு வரச்சொல்லிக் கார்டு போட்டிருந்தார். இந்த வட்டாரத்துக்குப் புதிதான அந்த மனிதர், வழி சொல்ல மேனா இல்லாததால், எதிர்க்கரைத் தோட்டத் தெரு ஒன்பதில் போய் மணியடித்தார். கதவைத் திறந்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. “காலைலேர்ந்து கத்திக்கிட்டே இருக்காளாமே, எங்க கட்டி வச்சிருக்கீங்க?” என்று கேட்டுக்கொண்டே அவர் ரப்பர் கையுறையை மாட்ட ஆரம்பித்தார். ஆசிரியை குடையை எடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து, மூக்கு தோலுரிந்து, சிப்பி நிறைந்த பையோடு மேனா பேருந்திலிருந்து இறங்கினாள். நிறுத்தத்தில் யுஸ்டுஸும் அலோய்ஸும் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அந்த இரண்டு பேரையும் அவ்வளவு அருகில் அவள் பார்த்ததே இல்லை.

“யாராச்சும் செத்துப்போயிட்டாங்களா?” என்றாள்.

“இனிமே நீ லீவே எடுக்கக்கூடாது மேனா” என்றார் யுஸ்டுஸ்.

“கடல் நல்லா இருந்துச்சு, கேட்டதுக்கு நன்றி தலைவரே.”

“விளையாடாதம்மா” என்றார் அலோய்ஸ். “எங்க சாமியாரு வெளிய தலை காட்ட முடியல. நீச்சல் எப்படி இருக்கு சாமின்னு பயலுக கேக்குறானுங்க.”

அடுத்த ஞாயிறு, இரண்டு கோயிலும் விட்டதும், அலோய்ஸின் விடுதியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நாற்காலி போதாமல் ஜன்னல் திட்டில் எல்லாம் ஆட்கள். பெயரை யார் விட்டுக்கொடுப்பது என்று ஆரம்பித்து அரை மணி நேரத்தில் பேச்சு பதினாறாம் நூற்றாண்டுக்குப் போய்விட்டது.

“எங்க கோயில்தான் பழசு, கோயில் தெரு எங்களுக்குத்தான்!”

“பழசா இருந்து என்ன, பத்து நாள் பிந்தி இல்ல ஓடுச்சு!”

“சிங்கம் போட்ட கல்ல ராவோட ராவா நகத்துன கூட்டம்தானே நீங்க!”

“ஆமா, உங்க சிங்கம் பூனை மாதிரி இருக்கு, அதப் பாத்துப் பயந்துட்டோம்!”

பின்சுவரில் சாய்ந்து நின்ற ஹென்னர், கூட்டங்களில் வாயே திறக்காதவன், அன்று தொண்டையைச் செருமினான். “தெருத் தெருவா அலையுறவ இங்க ஒருத்தி இருக்கா. அவளக் கேளுங்களேன்.”

மேனாவுக்குச் சபையில் எழுந்து பேசிப் பழக்கமில்லை. அதுவும் இரண்டு ஊருக்கும் வந்தேறியான அவள் என்ன பேசுவது? எழுந்து, எங்கே கையை வைப்பதென்று தெரியாமல், தபால் பை இல்லாத தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் இருபத்திரெண்டு வருஷமா சுத்துறேன். கோயில் தெருவுல இருக்கேன்னு ஒருத்தரும் என்கிட்ட சொன்னதில்ல. எல்மரோடேல அந்தத் தெருவ வாத்துப் பாதைன்னுதான் சொல்றீங்க, வாத்தெல்லாம் ஓடைக்கு அது வழியாப் போறதால. இங்க இருக்கறத சாத்தான் வளைவுன்னு சொல்றீங்க, வைக்கோல் வண்டி அங்கதான் கவுழும். தோட்டத் தெருவுல எவன் வீட்டுல தோட்டம் இருக்கு? இந்தப் பக்கம் அது பட்டினிக்காடு, வெறும் கல்லு. அந்தப் பக்கம் அது தவளைமேடு. உறை மேல எழுதுற பேர யாரும் வாயால சொல்றதில்ல. வாயால சொல்ற பேரையே உறை மேல எழுதுனா என்ன?”



“நான் வாத்துப் பாதையில குடியிருக்கறதா?” என்றார் போதகர். பக்கத்திலிருந்த அவர் மனைவி அடக்க முடியாமல் சிரித்தாள். “ஏங்க, நீங்க நடக்குறதுக்கு அந்தப் பேரு பொருத்தம்தான்.”

எல்லோரும் பாதிரியாரைப் பார்த்தார்கள். ஒல்லியான, வயதான மனிதர். “சாத்தான் வளைவு எனக்குச் சம்மதம்” என்றார். “நான் அங்க இருக்கறதுதான் நியாயம். எதிரியோட விலாசம் தெரிஞ்சிருக்கணும்ல.”

மேஜைகள் அதிர்ந்தன. ஆனால் பெரிய தெரு மிச்சமிருந்தது. அதற்கு ஸ்வீடன் பள்ளத் தெரு என்ற பெயர் தங்களுக்குத்தான் வேண்டும் என்று இரண்டு ஊரும் மறுபடி மல்லுக்கு நின்றன. இரண்டு பெரிய தெருவும் ஸ்வீடன் பள்ளம் என்கிற காட்டுப் பள்ளத்துக்குப் போகிற வழியில்தான் தொடங்குகின்றன. பதினேழாம் நூற்றாண்டின் முப்பது வருஷப் போரில் ஸ்வீடன் படை ஊரைக் கொளுத்த வந்தபோது எங்கள் ஜனங்கள் அங்கேதான் ஒளிந்தார்கள் என்று இரண்டு ஊரும் தனித்தனியாகப் பெருமை பேசும்.

“அந்தப் பள்ளத்தப் பத்தி ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள் மேனா. “எல்மரோடேல சொல்ற கதையில ஒரு பொம்பள வர்றா. மாடு கத்திடாம இருக்க, அது வாய ரெண்டு நாளு இடுப்புல கட்டியிருந்த முன்துணியால பொத்திக்கிட்டு உக்காந்திருந்தா. ஆனா அது யாரு மாடுன்னு உங்க யாருக்கும் தெரியாது. கேட்டிருக்கேன், தெரியலன்னாங்க. விக்கன்ஹவுசன் கதையில மாடு வருது. கறுப்பு மாடு, நெத்தியில வெள்ளை, பேரு கூட இருக்கு. மூணு நாளும் சத்தமே போடலையாம், அதிசயமாம். ஏன் போடலன்னு உங்களுக்குத் தெரியாது.”

அவள் நிறுத்தினாள். பீர் ஊற்றிக்கொண்டிருந்த அலோய்ஸ் குழாயை மூட மறந்து நின்றார்.

“ஒரே பள்ளம். ஒரே மாடு. மாடு விக்கன்ஹவுசன், பொத்துன கை எல்மரோடே. ரெண்டு ஊரும் ஒண்ணா உக்காந்திருக்கீங்க, மூணு நாளு. அப்புறம் வீட்டுக்குப் போயி மத்தவங்கள விட்டுட்டுக் கதைய மட்டும் சொல்லிக்கிட்டீங்க.”

ஒட்டீலியே அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஊர்க்கூட்டம் முழுசாக வாயடைத்து நிற்பதை யுஸ்டுஸ் பார்த்தார்.

பிறகு பின் வரிசையிலிருந்து ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “ரெண்டு நாளா, மூணு நாளா?”

“நீங்க மூணு நாளுன்னுவீங்க, உங்களுக்குத்தான் காலண்டரு வேகமாச்சே!”

விடுதி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகவே தீர்மானம் நிறைவேறியது. மாடு தங்களுடையது என்று விக்கன்ஹவுசன் அடம்பிடித்ததால் அவர்களுடைய பெரிய தெரு மாட்டுத் தெரு ஆயிற்று. எல்மரோடேயின் பெரிய தெரு முன்துணித் தெரு. மாவட்ட அலுவலகத்திலிருந்து இது எழுத்துப் பிழையா என்று விசாரித்துக் கடிதம் வந்தது. இல்லை என்று தலைவரும் துணைத்தலைவரும் கையெழுத்துப் போட்டுப் பதில் அனுப்பினார்கள்.

செப்டம்பரில் நீலப் பலகைகள் வந்தன. ஹென்னர் ஆணி அடித்தான், மேனா ஏணியைப் பிடித்துக்கொண்டாள், பின்னால் பாதி ஊர் திரண்டு வந்தது. அன்று மத்தியானம் பாலத்தின் மேல் நீளமாக மேஜை போட்டார்கள். விக்கன்ஹவுசன் பெண்கள் தட்டுத் தட்டாக பிளம்பழக் கேக்கு கொண்டுவந்தார்கள். எல்மரோடேக்காரர்கள் ஒரு வருஷம் காயவைத்த தொத்திறைச்சியை முழம் முழமாக வெட்டினார்கள். இரண்டு ஊர் வாத்தியக் குழுவும் பாலத்தின் இரண்டு முனையில் நின்று ஒரே நேரத்தில் வெவ்வேறு பாட்டை வாசித்தன. யாருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை. மேனா இடது காலை ஒரு தாளத்துக்கும் வலது காலை மற்றொன்றுக்கும் வைத்து யுஸ்டுஸோடு ஒரு சுற்று ஆடினாள், அலோய்ஸோடு ஒரு சுற்று ஆடினாள், கடைசியில் ஆடத் தெரியாத ஹென்னரை இழுத்து வந்தாள்.

“எல்லாரும் பாக்குறாங்க மேனா” என்றான் அவன்.

“பாக்கட்டும். எவ்வளவு நேரந்தான் நான் எல்லாரையும் பாத்துக்கிட்டே இருக்கறது?”

அவளுடைய அம்மா எழுபது வயதில் கறுப்பு உடுப்பில் மேஜை நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் ஆசிரியை, மறுபக்கம் ஒட்டீலியே. தட்டில் மூன்று கேக்குத் துண்டு. அன்று அவள் அழவில்லை, சாப்பிடத்தான் நேரம் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து இன்னும் மூன்று குடியிருப்புகளை அவள் பொறுப்பில் சேர்த்து, தபால் துறை மஞ்சள் கார் ஒன்று தருவதாகச் சொன்னது. நாற்பத்தைந்து வயதில் கார் ஓட்டப் பழகினாள். முதல் தேர்வில் தோற்றாள். காரணம், வழியில் தெரிந்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிக் குசலம் விசாரித்தாள். இரண்டாவது தேர்விலும் அதேதான். மூன்றாவது தேர்வை நகரத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். அங்கே ஒருவரையும் தெரியாது. தேறிவிட்டாள்.

மஞ்சள் காரை ஓட்டிக்கொண்டு அவள் மலைச்சாலையில் இறங்கி வந்த அன்று, ஹார்ன் சத்தம் கேட்டுப் பட்டறையிலிருந்து ஹென்னர் எட்டிப்பார்த்தான். கண்ணாடி இறங்கியது.

“எதாச்சும் கழண்டுடுச்சா?” என்றான்.

“ஒண்ணும் கழலல. ஏறு, தவளைமேட்டுக்கு மேல போனா அஞ்சு ஊரும் ஒண்ணாத் தெரியுதாம். நான் எப்பவும் பெடல் மிதிச்சிக்கிட்டே போனதால திரும்பிப் பாத்ததில்ல.”

ஹென்னர் தோல் முன்துணியைக் கழற்றாமலேயே ஏறி உட்கார்ந்தான். வேலை நேரத்தில் அது விதிமீறல்தான். ஆனால் அன்றைக்குக் கொடுக்க வேண்டிய தபால் எல்லாவற்றையும் மேனா பத்து மணிக்குள்ளேயே கொடுத்து முடித்திருந்தாள்.